தீவைச் சுற்ற ஆறு ஞாயிறுகள்
ஆண்டாப் ஹில்லில் புறப்பட்டு, மும்பையின் கரையோரமாக நடந்து, ஆண்டாப் ஹில்லுக்கே திரும்பும் ஒரு நெடுநடை

ஆண்டாப் ஹில்லில் குடியிருப்போரிடம் கடல் எப்பக்கம் என்று கேட்டால், மேற்கே கைகாட்டுவதே இயல்பு. தாதர், மெரின் டிரைவ், ஜுஹு என்று மின்ரயில் ஏறிச் சென்று பார்க்கும் கடலே நமக்குக் கடலாகப் பழகிவிட்டது. ஆனால் இக்குன்றுக்கு மிக அருகில் இருக்கும் கடல் கிழக்கே உள்ளது. உப்பளப் பாத்திகளையும் அலையாத்திக் காட்டையும் கடந்தால் மும்பைத் துறைமுகத்தின் சேற்றுக்கரை வந்துவிடும். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து ஓய்வு பெற்றவர்களிலும் அந்தக் கரையை ஒருமுறையேனும் மிதித்தவர்கள் சிலராகத்தான் இருப்பர்.

அக்கரையில் தொடங்கிப் பழைய மும்பைத் தீவை முழுவதுமாகக் காலால் சுற்றிவர முடியும். ஒரே மூச்சில் அன்று. ஞாயிறுதோறும் ஒரு பகுதியாக. மாதந்தோறும் சிறுதொகை செலுத்தும் தொடர் வைப்பைப் போன்றதே இந்த நடையும். ஒவ்வொரு தவணையும் எளியது. முதிர்வின்போது கையில் இருப்பது மட்டும் பெரியது.

கட்டம் கட்டமாக நடப்போர் உலகம்

நெடுந்தொலைவுக் கரைவழிகள் உலகின் பல நாடுகளில் உள்ளன. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைப்பாதை மைன்ஹெட் என்னும் ஊரில் தொடங்கிப் பூல் துறைமுகத்தில் முடிகிறது. நீளம் 630 மைல், அதாவது ஏறத்தாழ 1,014 கிலோமீட்டர். கடத்தல்காரர்களைக் கண்காணிக்கக் கடலோரக் காவலர்கள் குடாக் குடாவாக நடந்து நடந்து உண்டான தடம் அது. முழுவதையும் ஒரே பயணத்தில் முடிக்க ஏழெட்டு வாரங்கள் வேண்டும். வேலைக்குச் செல்வோருக்கு அத்தனை விடுப்பு ஏது? ஆகவே ஆண்டுக்கு ஒரு வாரம், இரு வாரம் என நடந்து, விட்ட இடத்தில் மறு ஆண்டு தொடங்குவோரே அங்குப் பெரும்பாலோர்.

வேல்ஸ் நாடு 2012 மே மாதத்தில் தன் கரை முழுவதையும் தொடும் 870 மைல் பாதையைத் திறந்தது. 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் சிதைந்த வடகிழக்குக் கரையூர்களை இணைத்து ஜப்பான் அமைத்த மிச்சினோக்கு கரைப்பாதை 2019இல் முழுமையடைந்தது. அதன் நீளமும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். அழிந்த ஊர்களுக்கு மீண்டும் மனிதர் வரவேண்டும், நடந்ததை மறக்கலாகாது என்னும் இரண்டு நோக்கங்களும் அதில் அடங்கியுள்ளன.

நமக்கும் இது புதிய செயலன்று. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியில் புறப்பட்ட காந்தியடிகள், 24 நாள்களில் ஏறத்தாழ 240 மைல் நடந்து தண்டிக் கடற்கரையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 60. சராசரியாக நாளொன்றுக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர் படை ஏறத்தாழ 150 மைல் நடந்து 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தது. இருவருமே நாளுக்கு இவ்வளவு தொலைவு, இந்த ஊரில் தங்கல், இந்த ஊரில் உணவு என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டு நடந்தவர்கள். நெடுநடையின் முதல் பாடமும் அதுவே: தொலைவைக் கண்டு மலைக்காமல், நாள்களாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

மும்பையில் அறிவிப்புப் பலகைகளோடு கூடிய கரைப்பாதை எதுவும் இல்லை. நம் பாதையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இந்நகரின் பிறப்பே வழி காட்டுகிறது. கொலாபா, சிறு கொலாபா, பம்பாய், மஜ்காவ், வொர்லி, பரேல், மாகிம் என ஏழு தீவுகளாகக் கிடந்த நிலம் இது. திருமணச் சீராகப் போர்ச்சுகீசியரிடமிருந்து இங்கிலாந்து மன்னருக்கு வந்து, 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சேர்ந்தது. பின்னர் இடையிலிருந்த நீரைத் தூர்த்தும் அணையிட்டும் ஒரே தீவாக்கினர். அந்த ஒரே தீவின் விளிம்புதான் நாம் நடக்கப்போகும் வழி. ஆறு பகுதிகள், மொத்தம் ஏறத்தாழ 55 முதல் 60 கிலோமீட்டர்.

முதல் ஞாயிறு: ஆண்டாப் ஹில் முதல் சிவ்ரி வரை

ஏறத்தாழ 6 கிலோமீட்டர். தொடக்க நடை சிறியதாக இருப்பதே நன்று. வடாலாவின் உப்பளங்களை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்லும் வழி இது. தூத்துக்குடி, வேதாரணியம் பக்கத்தவர்களுக்கு இக்காட்சி ஊரை நினைவூட்டும்: சதுரம் சதுரமான பாத்திகள், இடையே வரப்புகள், வெயிலில் மின்னும் நீர். மராட்டியில் இவற்றை மிட்டாகர் என்பர். ஆகரி சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்துவந்தனர்.

இந்த உப்பளங்களுக்கு விடுதலைப் போரில் ஓர் இடம் உண்டு. தண்டியிலும் வேதாரணியத்திலும் உப்பு அள்ளப்பட்ட அதே 1930ஆம் ஆண்டில், ஜூன் 1 அன்று, வடாலா உப்பளத்தில் ஏறத்தாழ 15,000 பேர் திரண்டனர். குதிரைப்படையின் தாக்குதலுக்கு இடையே காவல் வளையத்தை மீண்டும் மீண்டும் உடைத்து உப்பை அள்ளிச் சென்றனர். நாம் காய்கறி வாங்கச் செல்லும் தொலைவில் நடந்த வரலாறு இது.

சிவ்ரிக் கோட்டை 1680இல் ஆங்கிலேயர் கட்டியது. கீழ்த்துறைமுகத்தைக் கண்காணிக்கவே குன்றின்மேல் எழுப்பினர். ஆயினும் 1689இல் சித்திகளின் படை அதைக் கைப்பற்றியது. கோட்டையருகே நின்று பார்த்தால், கீழே அகன்ற சேற்றுவெளியும், அதன்மேல் கடலைக் கடந்து செல்லும் அடல் சேதுவும் தெரியும். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நீளம் 21.8 கிலோமீட்டர். அதில் நடப்போருக்கு இடமில்லை.

சேற்றுவெளியின் சிறப்பு பூநாரைகள். பனிக்காலம் தொடங்கும்போது வரத் தொடங்கி, மழைக்கு முன் திரும்பிவிடும். சிறு பூநாரை, பெரும் பூநாரை என இரு வகைகளும் ஆயிரக்கணக்கில் இங்கும் தாணே கழிமுகத்திலும் இரை தேடுகின்றன. தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. நீர் ஏறியிருக்கும்போது சென்றால் பறவைகள் தொலைவில் இருக்கும். நீர் வற்றும் வேளையில் சென்றால் சேற்றைத் தொடர்ந்து அவை நடப்பதைக் காணலாம்.

இரண்டாம் ஞாயிறு: சிவ்ரி முதல் கேட்வே வரை

ஏறத்தாழ 11 கிலோமீட்டர். ஆறு நடைகளிலும் கடலை மிகக் குறைவாகக் காணும் நடை இதுவே. இடப்புறம் நெடுக மதில். 1873இல் தொடங்கப்பட்ட பம்பாய் போர்ட் டிரஸ்டின், இன்றைய மும்பைத் துறைமுக ஆணையத்தின் நிலம் அது. பிரின்சஸ் டாக் 1880இல், விக்டோரியா டாக் 1888இல், அலெக்சாண்ட்ரா டாக் 1914இல் எனக் கப்பல்துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா டாக்கில் வெடிபொருளும் பஞ்சும் ஏற்றியிருந்த கப்பல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நாடு முழுவதும் அந்நாளே தீயணைப்புப் படையினரின் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மதிலுக்கு ஒரு வாயில் பாவுச்சா தக்கா. உரண், ரேவஸ் ஆகிய எதிர்க்கரை ஊர்களுக்குப் படகுகள் இங்கிருந்து புறப்படுகின்றன. விடியற்காலையில் மீன்படகுகள் கரையணையும்போது இந்த இடத்தின் சுறுசுறுப்பைப் பார்க்கவேண்டும்.

அடுத்து வருவது பாலார்டு எஸ்டேட். அலெக்சாண்ட்ரா டாக்கைத் தோண்டியபோது வந்த மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம். அதன்மேல் ஒரே உயரத்தில் அமைந்த கட்டடங்கள். அருகிலேயே நாணயச் சாலையும், 1937இல் கல்கத்தாவிலிருந்து நிலையாக மும்பைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் தலைமையகமும் உள்ளன. இந்நாட்டின் பணம் ஏன் இக்கரையோரம் குடியேறியது என்பது, கப்பல்துறைகளிலிருந்து நடந்து வருவோருக்குச் சொல்லாமலே விளங்கும். பஞ்சு கப்பலேறிய இடத்திலிருந்து கணக்கு எழுதப்பட்ட இடத்துக்குச் சில நிமிட நடைதான்.

நடை முடியும் இடம் 1924 டிசம்பரில் திறக்கப்பட்ட கேட்வே ஆஃப் இந்தியா. 1948 பிப்ரவரி 28 அன்று ஆங்கிலப் படையின் கடைசி அணி இவ்வாயில் வழியாகவே வெளியேறியது.

மூன்றாம் ஞாயிறு: கேட்வே முதல் கிர்காவ் வரை

ஏறத்தாழ 11 கிலோமீட்டர். கொலாபாவின் சசூன் டாக் 1875இல் திறக்கப்பட்டது. இன்று அது நகரின் பெரிய மீன் சந்தைகளுள் ஒன்று. காலை ஆறு மணிக்குள் சென்றால் ஏலம் நடப்பதைக் காணலாம். படம் எடுப்பதற்குத் தடை உள்ள இடங்களில் அறிவிப்பை மதிப்பது நல்லது.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். தமிழகத்தின் கிழக்குக் கரையில் இதே 61 நாள்கள் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகின்றன. ஒரே நாட்டின் இரு கரைகளுக்கும் கடலின் நாள்காட்டி வேறு. தடைக்காலம் முடிந்து, ஆவணி அவிட்டத்தை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியில், கோலி மீனவர் கடலுக்குத் தேங்காய் படைத்துத் தம் பருவத்தைத் தொடங்குவர்.

கொலாபாவைச் சுற்றி நரிமன் பாயின்ட் வந்தால் மறுபடி திறந்த கடல். பின்வளைகுடாவைத் தூர்க்கும் திட்டம் 1920களில் பெருஞ்செலவில் நடந்தபோது, அதிலிருந்த முறைகேடுகளைப் பொதுமேடைகளில் அம்பலப்படுத்தியவர் வழக்கறிஞர் குர்ஷெத் நரிமன். அதற்காக அவர்மீது அவதூறு வழக்குத் தொடுக்கப்பட்டது. அதில் அவர் வென்றார். கடலைத் தூர்ப்பதைக் கேள்வி கேட்டவர் பெயரே, கடலைத் தூர்த்துப் பெற்ற நிலத்துக்கு நிலைத்துவிட்டது.

மெரின் டிரைவின் 3.6 கிலோமீட்டர் நடைபாதை மும்பையில் எல்லோருக்கும் பொதுவான இடம். ஒரு ரூபாய் செலவின்றி, யார் வீட்டுப் பிள்ளையும் யாருக்கு அருகிலும் அமரலாம். வரிசையாக நிற்கும் ஆர்ட் டெக்கோ கட்டடங்கள், ஓவல் மைதானத்து விக்டோரியக் கட்டடங்களோடு சேர்த்து 2018இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. நடை முடியும் கிர்காவ் மணற்கரையில் 1920 ஆகஸ்ட் 1 அன்று திலகரின் உடலுக்கு எரியூட்டினர். அங்கு அவர் சிலை நிற்கிறது.

நான்காம் ஞாயிறு: கிர்காவ் முதல் வொர்லி வரை

ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஆறில் நீளமானதும் சற்றே ஏற்றம் உடையதும் இதுவே. வால்கேஷ்வர் குன்றின் மறுபுறம் பாணகங்கைத் திருக்குளம். கடலுக்கு மிக அருகில் இருந்தும் நன்னீர் ஊற்றால் நிறைவது. கும்பகோணத்துக் குளக்கரைகளை அறிந்தவர்களுக்கு இதன் படிக்கட்டுகள் அந்நியமாகத் தோன்றா.

குன்றிறங்கினால் மகாலட்சுமி கோயில். அப்பால் ஹாஜி அலி தர்கா. கடலின் நடுவே அமைந்த தர்காவுக்குச் செல்லும் தரைவழி, நீர் ஏறும்போது மூழ்கிவிடும். வழிபாட்டுக்கும் கடலின் நேரத்தைக் கேட்டே செல்லவேண்டிய இடம் அது.

இங்கே சாலையாகத் தோன்றும் நிலம், வில்லியம் ஹார்ன்பி ஆளுநராக இருந்தபோது கட்டப்பட்டு 1784 வாக்கில் முடிந்த அணை. மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் இடைப்பட்ட திறப்பின் வழியே ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் உட்புகுந்து தீவுகளின் நடுப்பகுதியைச் சதுப்பாக்கிக் கொண்டிருந்தது. அதை அடைத்த பிறகே இந்நகர் ஒரே நிலமாயிற்று. மழைக்காலத்தில் தாழ்வான பகுதிகளில் முழங்கால் நீரில் நிற்கும்போது, நாம் நிற்பது ஒரு காலத்தில் கடலின் தரை என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

2024 மார்ச் முதல் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்ட கடலோரச் சாலையின் ஓரமாகவும் புதிய நடைபாதை அமைந்துள்ளது. வாகனங்களின் இரைச்சல் உண்டு. ஆயினும் பிரீச் கேண்டி முதல் வொர்லி வரை முன்பு தனி மாளிகைகளின் சன்னல்களுக்கு மட்டுமே தெரிந்த கடல் இப்போது நடந்து செல்பவருக்கும் தெரிகிறது.

ஐந்தாம் ஞாயிறு: வொர்லி முதல் மாகிம் வரை

ஏறத்தாழ 9 கிலோமீட்டர். வொர்லி முனையில் பழைய கோட்டையும் அதன் அடியில் கோலிவாடாவும் உள்ளன. வலை உலரும் முற்றங்கள், குறுகிய சந்துகள், திண்ணைகள். இது வேடிக்கை பார்க்கும் இடமன்று, மக்கள் குடியிருக்கும் ஊர். வணக்கம் சொல்லி வழி கேட்டுச் செல்வோரை எவரும் தடுப்பதில்லை. முனைக்கு எதிரே 2009 ஜூன் 30 அன்று திறக்கப்பட்ட 5.6 கிலோமீட்டர் கடற்பாலம். அதிலும் நடக்க இயலாது. ஆகவே தரைவழியே பிரபாதேவி, தாதர் என வடக்கே செல்லவேண்டும்.

தாதர் கடற்கரையில் சைத்ய பூமி. 1956 டிசம்பர் 7 அன்று அண்ணல் அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட இடம். ஆண்டுதோறும் டிசம்பர் 6இல் லட்சக்கணக்கானோர் வந்து வணங்குகின்றனர். அவர்களுள் பலர் நெடுந்தொலைவு நடந்தே வருகின்றனர். அந்நாளில் நடப்பதாயின், காலணி முதல் குடிநீர் வரை அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

நடை மாகிம் கோட்டை அருகே முடிகிறது. எதிரே பாந்திரா. இடைப்பட்ட நீரைப் படகில் கடந்த காலத்தில் விபத்துகள் பல. அவாபாய் ஜம்ஷெட்ஜி அம்மையார் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல் தம் பொருளை அளித்ததால், 1845இல் மாகிம் கரைப்பாலம் திறக்கப்பட்டது. அதைக் கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

ஆறாம் ஞாயிறு: மாகிம் முதல் ஆண்டாப் ஹில் வரை

ஏறத்தாழ 8 கிலோமீட்டர். கடலை விட்டுக் கழிமுகத்தின் ஓரமாகக் கிழக்கே திரும்பும் நடை. தாராவியின் விளிம்பில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா உள்ளது. குப்பை கொட்டும் மேடாக இருந்த 37 ஏக்கர் நிலத்தில் மண் பரப்பி மரம் நட்டு உருவாக்கியது. இன்று பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வாழும் காடு. அதன் ஓரமாகவே மித்தி ஆறு கடலோடு கலக்கிறது.

தாராவிக்கு நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் பண்டம் விற்கவும் வந்த தமிழர் குடியேறியதும் இச்சதுப்பின் கரையில்தான். நகரம் வேண்டாம் என விட்ட ஈர நிலத்தைத் தம் உழைப்பால் மேடாக்கியவர்கள் அவர்கள்.

வழியில் சயான் கோட்டை. 1669க்கும் 1677க்கும் இடையில், ஆளுநர் ஜெரால்டு ஆஞ்சியர் காலத்தில், குன்றின்மேல் கட்டப்பட்டது. ஆங்கிலேயரின் பரேல் தீவுக்கும் போர்ச்சுகீசியரின் சால்செட் தீவுக்கும் எல்லை அதுவே. கோட்டை மேட்டிலிருந்து பார்த்தால் வடக்கே மின்கோபுரங்களும் சாலைகளும், கிழக்கே நாம் முதல் வாரம் கடந்த உப்பளத் திசையும் தெரியும். அங்கிருந்து ஆண்டாப் ஹில்லுக்கு இறங்கு நடை. தீவு முழுச்சுற்று ஆயிற்று.

விருப்பமும் வலிமையும் உள்ளவர்கள் பாந்திராவில் மீண்டும் தொடங்கலாம். 1640இல் எழுந்த பாந்திராக் கோட்டை, கார்ட்டர் ரோடு, ஜுஹு வழியாக வெர்சோவா வரை ஒரு தொடர். தன்னார்வலர்கள் 2015 முதல் வாரந்தோறும் குப்பை அகற்றிய வெர்சோவாக் கரையில், 2018 மார்ச்சில் பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலுக்குச் சென்றதை நகரமே வியந்து பார்த்தது. அங்கிருந்து படகேறி மட், மார்வே, மனோரி, கொராய் என வடக்கே செல்லலாம்.

நடந்தவருக்குத் தெரியும் செய்தி

இந்நடை உடலுக்கு நல்லது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை புரண்டது. சயான், குர்லா, தாராவிப் பகுதிகளில் அன்று நீரில் நின்றவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் நீர் வடிய வழியில்லை. அப்போது அதைத் தாங்கிக்கொள்ளும் தொட்டிகள் உப்பளங்களும் சதுப்புகளும். கரையைப் பிடித்து வைத்திருக்கும் வேலி அலையாத்தி மரங்கள்.

பம்பாய் உயர்நீதிமன்றம் 2018இல் அலையாத்திக் காடுகளை அழிப்பதற்கு முழுத் தடை விதித்தது. மறுபுறம், தாராவி மறுசீரமைப்பின் வாடகை வீடுகளுக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை ஒதுக்க மகாராஷ்டிர அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. வீடற்றவருக்கு வீடு வேண்டும். வெள்ளத்துக்குப் போக்கிடமும் வேண்டும். இரண்டும் மெய்யான தேவைகளே. இவற்றுள் எதை எங்கே வைப்பது என்னும் வாதம் இனிவரும் ஆண்டுகளிலும் நடக்கும். அவ்வாதத்தில் கருத்துச் சொல்ல, அந்நிலம் எங்கே உள்ளது, அதில் நீர் எப்படி நிற்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்களுக்குக் கூடுதல் தகுதி உண்டு. மதிலுக்கு அப்பால் இருப்பதைக் காணாதவர்க்கு அது வரைபடத்தில் ஒரு வெற்றிடம் மட்டுமே.

இங்கிலாந்து 2009இல் சட்டம் இயற்றித் தன் கரை முழுதும் நடக்கும் உரிமையை மக்களுக்கு அளித்தது. நம் நாட்டில் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் கட்டுமானங்களை வரையறுக்கின்றன. நடைவழி உரிமை என்பது இன்னும் பேச்சாகவும் உருப்பெறவில்லை. மக்கள் நடக்கும் வழியே நாளடைவில் பாதையாகும் என்பதற்குத் தென்மேற்குக் கரைப்பாதையே சான்று.

புறப்படும் முன்

அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்ற காலம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பத்துக் கிலோமீட்டரை முடித்துவிடலாம். மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்பது பேசிக்கொண்டே நடக்கும் வேகம்.

நீரேற்ற நேரத்தை முந்தைய நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதி. பாறைகளிலும், கரைத்தடுப்புக்காகப் போட்ட நாற்கால் கற்களிலும் இறங்கவே கூடாது. மழைக்காலத்தில் இந்நடை வேண்டாம்.

சிவ்ரி முதல் கொலாபா வரை துறைமுக, கடற்படைப் பகுதிகளில் படம் எடுப்பதைத் தவிர்த்து, அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். பழகிய காலணி, ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, சிறு குறிப்பேடு ஆகியவை போதும். எங்கு முடித்தாலும் அருகில் மின்ரயில் நிலையமோ பேருந்தோ உண்டு. களைத்தால் நிறுத்திக்கொண்டு, மறுவாரம் அதே இடத்தில் தொடங்குங்கள். விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வதே இதில் ஒழுங்கு.

குடும்பத்தோடு செல்வோர் முதல் நடையையும் ஆறாம் நடையையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஆண்டாப் ஹில்லின் வாசலிலேயே தொடங்கவோ முடியவோ செய்வன. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூநாரையையும் கோட்டையையும் ஒரே காலையில் காட்டிவிடலாம். வரும் ஞாயிறன்று, மேற்கே செல்லும் ரயிலுக்குப் பதிலாக, ஒருமுறை கிழக்கே நடந்து பாருங்கள்.